மனச்சிதைவு நோயில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பங்கு: தமிழகச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மனச்சிதைவு நோயின் தோற்றத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்திற்குப் பங்குண்டு என்பதற்கான சான்றுகள் மரபணுவியல், கருவுற்ற காலத் தொற்று, தன்னெதிர்ப்பு நோய்கள் ஆகிய மூன்று துறைகளிலிருந்து கிடைத்துள்ளன. எனினும் இச்சான்றுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் திரட்டப்பட்டவை. சென்னையை மையமாகக் கொண்டு நிகழ்ந்த மரபுத்தொகுதி ஆய்வு வேறொரு திசையைக் காட்டியுள்ளது. நோயெதிர்ப்பின் பங்கு நோயாளர் அனைவரிடத்தும் ஒரே அளவினது அன்று என்பதையும், சிறுபான்மையினரான ஒரு பிரிவினருக்கு அது உயிர்காக்கும் செய்தி என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு, நோயெதிர்ப்பு மண்டலம், சி4 மரபணு, மைக்ரோகிளியா, நியாசின், தன்னெதிர்ப்பு மூளையழற்சி, ஸ்கார்ஃப்.

முன்னுரை

இல்லாத குரல்கள் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக உறுதியாக நம்புதல், சிந்தனை ஒழுங்கு குலைதல், பேச்சும் முனைப்பும் குன்றுதல் ஆகியவற்றை முதன்மை அறிகுறிகளாகக் கொண்டது மனச்சிதைவு நோய். பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சிதைவும் அதனையொத்த மனநோய்களும் வாழ்நாளில் ஒருமுறையேனும் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பேரைத் தாக்குகின்றன.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908இல் முன்வைத்த சிசோஃப்ரினியா என்னும் சொல் ‘மனப்பிளவு’ என்னும் பொருளுடையது. தமிழில் நிலைபெற்ற ‘சிதைவு’ அதனினும் கடுமையானது. சிதைந்தது மீண்டும் ஒன்றுகூடாது என்ற எண்ணத்தை அது கேட்பவரிடம் விதைத்துவிடுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் இத்தகைய காரணத்தால் 2002இல் தம் மொழியில் நோயின் பெயரையே மாற்றினர். 1981இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கப்பட்ட மதராஸ் நீள்நோக்கு ஆய்வு, முதன்முறையாக நோயுற்ற 90 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்களுள் பெரும்பாலோர் அறிகுறிகளிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விடுபட்டதைக் காட்டியது. பெயர் சொல்வதும் ஆய்வு காட்டுவதும் முரண்படுகின்றன. வேறு சொல் நிலைபெறாமையால் இக்கட்டுரை வழக்கிலுள்ள சொல்லையே கையாள்கிறது.

எதிர்ப்பாற்றல் குறைவா?

நோயெதிர்ப்பு மண்டலத்தையும் மனநோயையும் இணைத்துப் பேசும்போது முதலில் எழும் தவறான புரிதல், எதிர்ப்பு ஆற்றல் குறைந்ததால் மனநோய் வந்தது என்பதாகும். கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின்னர் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுதல்’ என்பது அன்றாட வழக்காகவும் வணிக முழக்கமாகவும் ஆகிவிட்ட நிலையில், இப்புரிதல் எளிதில் வேரூன்றக்கூடியது. ஆய்வுகள் சுட்டுவது குறைவை அன்று. நேரம் தவறிய, இலக்குத் தவறிய செயற்பாட்டை. தன்னெதிர்ப்பு மூளையழற்சியில் எதிர்ப்பு மண்டலம் செயலற்றுக் கிடப்பதில்லை. உடலின் சொந்தப் பொருளையே தாக்குகிறது. அங்கு எதிர்ப்பைக் கூட்டுவதன்று, தணிப்பதே மருத்துவம்.

மூளை நோயெதிர்ப்பு மண்டலத்திலிருந்து விலக்கப்பட்ட உறுப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் மூளைக்கெனத் தனியே எதிர்ப்பு உயிரணுக்கள் உள்ளன. மைக்ரோகிளியா எனப்படும் இவை, இறந்த அணுக்களை அகற்றுவதோடு, வளர்ச்சிக் காலத்தில் தேவைக்கு மிகுந்த நரம்பிணைப்புகளை விழுங்கி நீக்கும் பணியையும் செய்கின்றன. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கும் மேலாக நரம்பிணைப்புகளை உருவாக்குகிறது. வளரிளம் பருவத்தில் அவற்றுள் பயன்படாதவை கத்தரிக்கப்படுகின்றன. மனச்சிதைவு பெரும்பாலும் வெளிப்படும் வயதும் வளரிளம் பருவத்தின் இறுதியும் இளமையின் தொடக்கமுமே. இவ்விரண்டையும் இணைத்து, கத்தரிப்பு எல்லை மீறுவதே நோய்க்குக் காரணமாகலாம் என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982இல் கருதுகோள் ஒன்றை வைத்தார். அன்று அதற்கு உயிரியல் பொறிமுறை எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை.

கருவுற்ற காலத் தொற்று

1957ஆம் ஆண்டு ஆசிய இன்ஃபுளுயன்சா பரவிய காலத்தில் ஹெல்சிங்கி நகரில் கருவிலிருந்தோரைப் பற்றி மெட்னிக் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டாம் மும்மாதத்தில் தொற்றுக் காலத்தைக் கடந்தவர்களிடம் மனச்சிதைவு மிகுந்திருந்ததாகக் கூறியது. பின்வந்த ஆய்வுகள் சில இதனை உறுதிசெய்தன, சில மறுத்தன. தாய்க்கு உண்மையிலேயே காய்ச்சல் கண்டதா என்பதை அறியாமல், தொற்று பரவிய காலத்தை மட்டுமே கணக்கிட்டதே இம்முரணுக்கு முதன்மைக் காரணம். கலிஃபோர்னியாவில் பாதுகாக்கப்பட்ட தாய்மார்களின் குருதி மாதிரிகளைச் சோதித்த பிரௌன் குழுவினரின் 2004ஆம் ஆண்டு ஆய்வு இக்குறையை ஓரளவு களைந்தது. முதல் மும்மாதத்தில் இன்ஃபுளுயன்சாவுக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகளிடம் நோய்வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு எனக் கணக்கிடப்பட்டது. ஆயினும் இக்கணக்கு மிகச் சிலரை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது.

வைரசு கருவின் மூளையை நேரடியாகத் தாக்க வேண்டியதில்லை என்பதே இத்துறையின் முக்கியமான கண்டுபிடிப்பு. கருவுற்ற எலிகளுக்கு வைரசே இல்லாமல், தொற்று நேர்ந்ததாக எதிர்ப்பு மண்டலத்தை நம்பவைக்கும் பொருளை மட்டும் செலுத்தினாலும் குட்டிகளின் நடத்தை மாறுகிறது. கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பால் பேட்டர்சன் குழுவினர் 2007இல், தாயின் உடலில் சுரக்கும் இன்டர்லூக்கின்–6 என்னும் சைட்டோகைனைத் தடுத்தபோது அம்மாற்றம் பெரிதும் தவிர்க்கப்பட்டதைக் காட்டினர். சைட்டோகைன் என்பது எதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதம். எனவே, தாயின் எதிர்வினையே கருவைச் சென்றடைகிறது.

சி4 மரபணு

2014இல் பன்னாட்டு மனநோய் மரபணுவியல் கூட்டமைப்பு 36,989 நோயாளரையும் 1,13,075 ஒப்பீட்டாளரையும் ஆராய்ந்து, நோயுடன் தொடர்புடைய 108 மரபிடங்களை வெளியிட்டது. அவற்றுள் மிக வலிமையான தொடர்பு, 6ஆம் குரோமோசோமில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் செறிந்துள்ள திசுப்பொருத்தப் பகுதியில் இருந்தது. சிறுநீரக மாற்று அறுவைக்குமுன் கொடையாளரையும் பெறுநரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இப்பகுதியைத்தான்.

இப்பகுதியில் எந்த மரபணு காரணம் என்பதை 2016இல் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் குழுக்கள் கண்டறிந்தன. சி4 என்னும் அம்மரபணு காம்ப்ளிமென்ட் எனப்படும் துணைப்புரதத் தொகுதியின் உறுப்பு. குருதியில் இத்தொகுதியின் பணி, கிருமிகளின்மீது ‘விழுங்கத்தக்கது’ என அடையாளமிடுவது. மூளையில் அதே அடையாளம் நரம்பிணைப்புகளின்மீது இடப்படுகிறது. மைக்ரோகிளியா அவற்றை விழுங்குகிறது. சி4 மரபணுவின் படிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மனிதருக்கு மனிதர் வேறுபடும். மூளையில் மிகுதியான சி4ஏ புரதத்தை உருவாக்கும் அமைப்பு உடையோருக்கு நோய்வாய்ப்பு மிகுதி. ஃபைன்பெர்க்கின் கருதுகோளுக்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கிடைக்காதிருந்த பொறிமுறை இவ்வாறு கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பு மனச்சிதைவின் புதிர் விடுவிக்கப்பட்டதாகவே செய்தித்தாள்களில் வெளிவந்தது. எண்கள் அவ்வளவு பேசவில்லை. மிகக் குறைந்த வாய்ப்புடைய சி4 அமைப்பினரை ஒப்பிட, மிக உயர்ந்த வாய்ப்புடையோரின் நோய்வாய்ப்பு ஏறத்தாழ 1.27 மடங்கு; அவ்வளவே. நூற்றுக்கு ஒருவர் என்பது நூற்றுக்கு ஒன்றேகால் ஆவதாகக் கொள்ளலாம். ஒரு தனிமனிதருக்கு நோய் வருமா என்பதை இதைக்கொண்டு சொல்ல இயலாது. நோய் எவ்வழியே உருவாகலாம் என்பதற்கான தடயமாகவே இதன் மதிப்பு.

2020இல் வெளியான தொடராய்வு மற்றொன்றையும் காட்டியது: மனச்சிதைவின் வாய்ப்பை உயர்த்தும் அதே சி4 வகைகள், லூப்பஸ், ஜோகிரன் நோய் ஆகிய தன்னெதிர்ப்பு நோய்களின் வாய்ப்பைக் குறைக்கின்றன, இவ்விளைவு ஆண்களிடம் மிகுதி. மனச்சிதைவு உடையோரிடம் முடக்குவாதம் அரிதாகக் காணப்படுவதை மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்திருந்தனர். ஆனால் தன்னெதிர்ப்பு நோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்த டென்மார்க் மக்கட்பதிவேட்டு ஆய்வு (2011) எதிர்த்திசையில் பேசுகிறது: தன்னெதிர்ப்பு நோய் இருந்தோருக்கு மனச்சிதைவு வாய்ப்பு 29 விழுக்காடும், கடுந்தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தோருக்கு 60 விழுக்காடும் மிகுதி. எனவே ‘நோயெதிர்ப்பு’ என்பதை ஒற்றைப் பொருளாகக் கொண்டு கூடுதல், குறைதல் எனப் பேசுவது பொருந்தாது என்பதே கட்டுரையாளரின் கருத்து.

சென்னை ஆய்வு காட்டிய பாதை

மேற்கண்ட மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. திசுப்பொருத்தப் பகுதியோ மக்கட்கூட்டத்திற்குக் கூட்டம் மிகவும் வேறுபடும் இயல்பினது. ஆகவே அம்முடிவை அப்படியே தமிழகத்திற்குப் பொருத்துதல் முறையன்று.

மருத்துவர் எம். சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவர் ஆர். தாரா காலத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளருடன் இணைந்து நீண்டகால மரபணு ஆய்வை மேற்கொண்டது. 2001 முதல் 2018 வரை திரட்டப்பட்ட 3,092 இந்தியரின் தரவுகளைக் கொண்ட அதன் முடிவு 2019இல் வெளியானது. மரபுத்தொகுதி அளவில் உறுதிபெற்ற தொடர்பு அதில் 6ஆம் குரோமோசோமில் அமையவில்லை. 8ஆம் குரோமோசோமில், உடல் நியாசினைப் பயன்படுத்துவதற்கு இன்றியமையாத நொதியொன்றின் மரபணுவுக்கு அருகில் அமைந்தது. அம்மரபணுவைச் செயலிழக்கச் செய்த வரிக்குதிரை மீன்களின் மூளை வளர்ச்சி குன்றியது. மூவாயிரவர் என்பது இத்தகைய ஆய்வுகளுக்குச் சிறிய எண்ணிக்கை. ஆதலால் தமிழரிடம் சி4க்குப் பங்கில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. சிறிய எண்ணிக்கையிலும் தெளிவாக வெளிப்பட்டது நியாசின் பாதை என்பதே இதன் சிறப்பு.

நியாசின் என்பது வைட்டமின் பி3. அதன் குறைபாட்டால் வரும் பெல்லாக்ரா தோலையும் குடலையும் மட்டுமன்றி மனத்தையும் தாக்கும் என்பது பழைய மருத்துவ அறிவு. சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட தக்காணப் பகுதியினரிடம் இந்நோய் காணப்பட்டதைச் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்துள்ள லியூசினுடன் 1960இல் தொடர்புபடுத்தினார். பெல்லாக்ராவும் மனச்சிதைவும் ஒன்றல்ல. எனினும் ஒரு வைட்டமினின் வளர்சிதைமாற்றம் மனநோய்வரை நீளக்கூடும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

இப்பாதைக்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்புண்டா? இரண்டிடங்களில் அவை சந்திக்கின்றன. முதலாவது, டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம். உடலில் அழற்சி மிகும்போது சைட்டோகைன்கள் ஒரு நொதியைத் தூண்டி, டிரிப்டோஃபேனைக் கைனுரெனின் பாதையில் திருப்பிவிடுகின்றன. அப்பாதையின் இறுதியில் உருவாவது என்ஏடி. நியாசினிலிருந்து உடல் ஆக்கிக்கொள்வதும் அதே என்ஏடிதான். அப்பாதையின் கிளையொன்றில் விளைவது கைனுரெனிக் அமிலம். மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளை அது தடுக்கிறது. மனச்சிதைவு உடையோரின் மூளைத் தண்டுவட நீரில் அது மிகுந்திருந்ததைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2001இல் கண்டனர். இரண்டாவது, தோல். நியாசின் பட்ட தோல் சிவப்பது இயல்பு. தோலிலுள்ள எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் புரோஸ்டாகிளாண்டினே அதற்குக் காரணம். மனச்சிதைவு உடையோரில் ஒரு பகுதியினருக்கு இச்சிவப்பு மங்கலாகவே தோன்றுகிறது. சென்னை ஆய்வையும் இவ்விரண்டையும் ஒரே சங்கிலியாக இணைப்பது இப்போதைக்குக் கருதுகோள் மட்டுமே. ஆயினும் தமிழக ஆய்வகங்களில் சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள் இது. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை.

மனச்சிதைவு போலத் தோன்றும் நோய்

இதுவரை கூறியவை நிகழ்தகவுகள். நோயெதிர்ப்பு மண்டலம் நேரடியாக மனநோயை உண்டாக்குவதை ஐயமற நிறுவிய நோய் ஒன்று உண்டு. மருத்துவர் ஜோசெப் டால்மாவ் குழுவினர் 2007இல் விவரித்த என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி அது. இதில் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், மேலே கண்ட அதே என்எம்டிஏ ஏற்பிகளை மூளை அணுக்களின் பரப்பிலிருந்து அகற்றிவிடுகிறது. 2008இல் அவர்கள் தொகுத்த 100 நோயாளருள் 91 பேர் பெண்கள், பெரும்பாலோர் இளவயதினர். பலர் முதலில் சென்றது மனநல மருத்துவரிடம். சூலகக் கட்டியே பல பெண்களிடம் இவ்வெதிர்ப்பைத் தூண்டியிருந்தது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், குருதிநீர் மாற்றம், கட்டி அகற்றல் ஆகியவற்றால் 75 பேர் முழுமையாகவோ சிறு குறைபாட்டுடனோ நலமடைந்தனர்.

தென்காசி மாவட்டச் சூழலில் இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலநீலிதநல்லூரை அடுத்த சங்கரன்கோவிலில், சங்கரநாராயண சுவாமி கோயிலின் கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே உள்ள சக்கரக் குழியில் மனநலம் குன்றியோரை அமர்த்தி வழிபடும் மரபு உண்டு. இத்தகைய மரபுகளை அறியாமை என்று தள்ளிவிடுவது ஆய்வு நோக்கிற்கு உகந்ததன்று. தமிழகக் கோயிலொன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளரை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த ஆய்வு, மருந்தின்றியே அவர்களின் அறிகுறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைப் பதிவுசெய்தது. உடனிருக்கும் குடும்பம், ஒதுக்காத சூழல், அச்சமற்ற தங்குமிடம் ஆகியன நலம் பயக்கின்றன.

ஆனால் எதிர்ப்பொருள் நோய் அவ்வாறு காத்திருப்பதில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி இரண்டு வாரக் காய்ச்சலுக்குப்பின் திடீரெனப் பிதற்றுகிறாள், வாயையும் நாக்கையும் விசித்திரமாக அசைக்கிறாள், பின்னர் சிலைபோல் உறைகிறாள் எனில், ஊரார் அதனைப் பேய் பிடித்ததாகக் கொள்வதும், அவசரமான புறநோயாளர் பிரிவில் மனச்சிதைவு எனக் குறிக்கப்படுவதும் ஒருங்கே நிகழக்கூடியவை. முதலது வழிபாட்டிலும் இரண்டாவது மனநோய் மருந்திலும் வாரங்களைக் கழித்துவிடும். சிகிச்சை தாமதமாகும்தோறும் முழு நலத்திற்கான வாய்ப்பு குறைகிறது.

2020இல் பன்னாட்டு வல்லுநர் குழு ‘தன்னெதிர்ப்பு மனநோய்’ குறித்து வெளியிட்ட ஒருமித்த கருத்து, ஐயுற வேண்டிய அடையாளங்களைத் தெளிவாக்கியுள்ளது. மூன்று மாதத்திற்கும் குறைவான காலத்தில் அறிகுறிகள் விரைந்து முற்றுதல் அடிப்படை. அதனுடன் வலிப்பு, உறைநிலை, கட்டுப்பாடற்ற அசைவுகள், நினைவு மங்கல், இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் நிலைகுலைதல், மனநோய் மருந்துக்குக் கடும் ஒவ்வாமை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் நரம்பியல் சோதனை தேவை. இவை அனைத்தும் கண்ணால் கண்டும் கேட்டும் அறியத்தக்கவை. விலையுயர்ந்த கருவி தேவைப்படுவது அடுத்த படியிலேயே.

மருந்து முயற்சிகள்

நோயெதிர்ப்பே காரணமெனில் அழற்சியைத் தணிக்கும் மருந்து மனச்சிதைவைக் குணப்படுத்த வேண்டுமே என்ற வினா இயல்பானது. செலிகாக்சிப், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் துணைமருந்தாக அளித்த சில ஆய்வுகள் மிதமான பயனைக் காட்டின. மைக்ரோகிளியாவை அடக்கும் மினோசைக்ளின் தொடக்கத்தில் பெரும் நம்பிக்கை அளித்தது. ஆனால் பிரிட்டனில் 207 பேரிடம் நிகழ்ந்து 2018இல் வெளியான குலுக்கல்முறை ஆய்வில் அது போலி மாத்திரையினும் மேம்பட்டதாக இல்லை. இன்டர்லூக்கின்–6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தும் அவ்வாறே ஏமாற்றியது.

இதற்கு மாறாக, குருதிப் புற்றுநோய்க்காக எலும்பு மச்சை மாற்றம் பெற்ற ஜப்பானிய இளைஞர் ஒருவரின், மருந்துக்கு வசப்படாதிருந்த மனச்சிதைவு முற்றிலும் தணிந்ததாக 2017இல் ஒரு பதிவு வெளிவந்தது. மனச்சிதைவு உடைய உடன்பிறந்தாரிடமிருந்து மச்சை பெற்றவருக்குப் பின்னர் அந்நோய் தோன்றியதாக 2015இல் வேறொரு பதிவும் உண்டு. இவை தனிநபர் நிகழ்வுகள். இவற்றைக்கொண்டு எவருக்கும் சிகிச்சை பரிந்துரைக்க இயலாது. எனினும், ஒருசிலரிடமேனும் நோயின் ஊற்று எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கக்கூடும் என்ற ஐயத்தை இவை வலுப்படுத்துகின்றன.

பெரிய ஆய்வுகள் தோற்பதற்கும் தனிநிகழ்வுகள் வியப்பூட்டுவதற்கும் காரணம் ஒன்றே எனத் தோன்றுகிறது. மனச்சிதைவு என ஒரே பெயரில் அழைக்கப்படுவோருள் அழற்சி மிகுந்தோர் ஒரு பகுதியினர் மட்டுமே. அவர்களை முன்கூட்டியே பிரித்தறியாமல் அனைவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி பார்த்தால், சிலர் அடைந்த பயன் பலரின் பயனின்மையில் கரைந்துவிடும். பிரித்தறியும் சோதனையும் எளிதன்று. புகைபிடித்தல், உடற்பருமன், மனநோய் மருந்துகள் ஆகிய மூன்றும் தாமே குருதியின் அழற்சிக் குறியீடுகளை மாற்றவல்லவை. இதனாலேயே மருந்து தொடங்குமுன் எடுக்கப்படும் குருதி மாதிரிகள் அருமதிப்புடையன. நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், மருந்தே எடுக்காத நோயாளரிடம் இன்டர்லூக்கின்–17 சார்ந்த பாதையின் பிறழ்வைப் பதிவுசெய்துள்ளமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

தற்போது மனச்சிதைவுக்கு மருந்து உட்கொள்வோர் அம்மருந்தை நிறுத்திவிட்டு எதிர்ப்பாற்றல் பெருக்கும் சூரணங்களையோ, தாமே வாங்கிய நியாசின் மாத்திரைகளையோ நாடுவதற்கு மேற்கண்ட ஆய்வுகளுள் எதுவும் இடந்தரவில்லை. மிகுந்த அளவு நியாசின் கல்லீரலைக் கெடுக்கும். மருந்தை இடையில் நிறுத்துவதே நோய் மீள்வதற்கான காரணங்களுள் முதன்மையானது. தமிழகத்தில் உடனடியாக இயலக்கூடியது, முதன்முறையாக மனநோய் அறிகுறிகளுடன் வரும் ஒவ்வொருவரிடமும் காய்ச்சல், வலிப்பு, அறிகுறி தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வது. ஐயத்திற்கு இடமிருப்பின் முதல் மருந்துக்கு முன்னரே குருதி மாதிரி எடுத்து, நரம்பியல் துறையுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவது.